ஒற்றை இலத்திரனும் வளவுக் கிணறும்

என் மச்சாள் யோகாவுக்கு, நெஞ்சு நிறைந்த அன்போடு,

நலமா என்று எழுதப் போய்க் கையை நிறுத்திக்கொண்டேன். இதுவரை உனக்கு நான் எழுதியதெல்லாம் அப்படித்தான் தொடங்கியிருக்கும். மாமிக்கு மருந்து கிடைத்ததா, வெள்ளாமை வெட்டி முடிந்ததா, நீ எப்போது திரும்பி வருகிறாய் என்று பஸ்காரரிடம் கொடுத்தனுப்பிய துண்டுக் கடிதங்கள். இது அப்படி இல்லை. இதை ஊரே வாசிக்கப் போகிறது. நீ மட்டும் வாசிக்க மாட்டாய்.

வருகிற மாதம் உனக்கு ஆண்டுத் திவசம். முப்பத்தோராம் நாளுக்கு அடிக்க வேண்டிய கல்வெட்டை, அந்த நினைவுப் புத்தகத்தை, போன வருஷம் அடிக்க முடியவில்லை. சண்டையால் பாதை பூட்டியிருந்தது, டவுனில் காகிதமும் இல்லை. ஆகவே திவசத்துக்காவது அடித்துக் கொடுக்க வேண்டும் என்று உன் அம்மா, என் மாமி, ஒற்றைக்காலில் நிற்கிறார். அட்டையில் உன் படம், உள்ளே தேவாரம், பிறகு வம்சாவளி, நாலைந்து புலம்பல் பாட்டு, கடைசியில் நன்றி. எல்லாருடைய கல்வெட்டுப் புத்தகத்திலும் இருப்பதுதான். உன்னுடையதில் மட்டும் ஒரு பக்கம் கூடுதலாக வேண்டுமாம்.

“என்ட புள்ள என்னத்தக் கண்டுபிடிச்சவள் எண்டு தமிழில எழுதித் தா கா. நம்மட சனத்துக்கு விளங்க வேணும்” என்று சொல்லி அனுப்பினார். அதை எழுதக்கூடியவள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதானாம். உண்மையில் அப்படித்தான். அந்தக் கணக்கைச் செய்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருத்திக்குத்தான் கல்வெட்டு.

அச்சடிப்பவர் நாம் நானா என்று கூப்பிடும் காத்தான்குடி முஸ்லிம் அண்ணன்தான். கரண்ட் போனால் கொஞ்சம் தாங்க நம் கணினிக்கு அந்தப் பழைய யூபிஎஸ் பெட்டியைக் கொண்டுவந்து தந்தவர். “பாட்டெல்லாம் நம்மட கையில இரிக்கி டீச்சர், பேர மாத்தினாச் சரி. நீங்க அந்த ஒரு பக்கத்தத் தாங்க” என்று காணும்போதெல்லாம் கேட்கிறார். நாளைக்கு, நாளைக்கு என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவருடைய கடை இருக்கும் தெருவைச் சுற்றிக்கொண்டு பல்கலைக்கழக வளாகத்துக்குப் போனேன், தெரியுமா?

சோம்பல் இல்லை, யோகா. நீ கண்டுபிடித்தது பிழை. அதை எப்படிக் கல்வெட்டில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

முதலில் கோபப்படு. பிறகு கேள்.

இதை வாசிக்கிற உன் ஊர்க்காரருக்காகக் கொஞ்சம் பின்னுக்கிருந்து சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன் என்று முகத்தைச் சுளிக்காதே. எங்கேயாவது பிழையாகச் சொன்னால் வழக்கம்போல் கையைத் தட்டி நிறுத்து.

அருமண் உலோகம் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. பெயரில்தான் அருமை. வேறு அணுக்களோடு சேரும்போது ஒவ்வோர் அணுவும் தன்னிடமுள்ள இலத்திரன்களில், எலெக்ட்ரான் என்கிற அந்தத் துகள்களில், மூன்றை விட்டுக்கொடுத்துவிடும். மிச்சத்தை உள்ளுக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும். ஆகவே இரண்டு அருமண் அணுக்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது, அவற்றுக்கிடையே பிணைப்பு வராது என்றுதான் நாம் படித்தோம். வளாகத்தில் நீயும் நானும் அதையேதான் படிப்பித்தோம்.

அந்த நேரத்தில் வெளிநாட்டில் யாரோ வழக்கத்துக்கு மாறான ஒரு சேர்வையை உண்டாக்கியிருந்தார்கள். அதில் இரண்டு உலோக அணுக்கள். இரண்டும் சேர்ந்து ஆறு இலத்திரனை விட்டுக்கொடுத்திருக்க வேண்டும், ஐந்தைத்தான் விட்டிருந்தன. ஒன்று மிச்சம். அந்த மிச்ச இலத்திரன் யாரிடம் இருக்கிறது? இடது பக்கத்து அணுவிடமா, வலது பக்கத்து அணுவிடமா, அல்லது நடுவில் வைத்து இரண்டும் பொதுவாக ஆள்கின்றனவா? பொதுவில் என்றால் அதற்குப் பெயர்தான் பிணைப்பு. ஆய்வுகூடத்தில் செய்து பார்க்க நம்மிடம் மருந்துச் சாமான் எதுவும் இல்லை. எதையும் டவுனுக்குள் கொண்டுவர ஆமிக்காரர் விடவும் மாட்டார்கள். ஒரு கணினி இருந்தது. அதையும் வளாகம் அடிக்கடி பூட்டப்படுகிறது என்று நீயும் தங்கியிருந்த என் வீட்டின் முன்னறைக்குக் கொண்டுவந்திருந்தோம். கணக்கில் பார்க்கலாம் மச்சாள் என்றாய்.

கணக்குத் தொடங்கும் முன்னமே விடையையும் சொல்லிவிட்டாய்.

“நடுவிலதான் இரிக்கும், பாருங்க. எங்கட வளவுக் கிணறு மாதிரி.”

மாமி தன் வளவை அக்காவுக்கும் உனக்கும் சீதனமாகப் பிரித்தபோது, கட்டிக்கொண்டு வந்த வேலி நேரே கிணற்றடியில் வந்து முட்டியது. கிணற்றுக்கு அந்தப் பக்கம் வேலி, இந்தப் பக்கம் வேலி, நடுவில் கிணறு மட்டும் வெட்டவெளியில். இரண்டு வீட்டு வாளியும் அதற்குள்தான். “அது அக்காட கிணறா, என்ட கிணறா? அம்மாட்டக் கேட்டுப் பாருங்க, வெளுத்து விடுவா” என்று சிரித்தாய்.

“ஆசையக் கொண்டு வந்து கணக்குக்குள்ள வெக்காத” என்றேன் நான்.

“சரி கா. கணக்கே சொல்லட்டும்.”

அந்தக் கணக்கு நடந்த விதத்தை உன் ஊர்ச் சனம் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். இப்படிப்பட்ட கணக்கை வேறு நாடுகளில் தொடங்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். நாள் கணக்கில் அது தன் பாட்டில் ஓடும். நமக்குக் கரண்ட் வருவதும் போவதும் யாருக்கும் தெரியாது. நானா தந்த பெட்டி ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கும் வரைக்கும்தான் தாங்கும். நீ கணினியைப் பார்த்ததைவிட முன்னறை பல்பைப் பார்த்ததுதான் கூட. பல்ப் மங்கினால் போதும், வாயில் சோறு இருந்தாலும் எழும்பி ஓடுவாய். இலத்திரன்கள் எந்த நிலையில் நிற்கின்றனவோ அப்படியே சேமித்துவிட்டுக் கணினியை அணைப்பாய். மறுபடி கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவாய்.

அது உன் கண்டுபிடிப்பு. அதில் உனக்குப் பெருமையும் உண்டு. “கரண்ட் போனா நமக்கென்ன? நாம விட்ட இடத்தில இருந்து போவம்” என்று என் மாணவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தாய். நானும்தான் சொன்னேன்.

முதல் நாள் கரண்ட் கொஞ்ச நேரமே வந்தது. முழு மூலக்கூறையும் கணக்கிட அது காணாது. ஆகவே நீ ஒரு வழி செய்தாய். மூலக்கூறின் பாதியை மட்டும் எடுத்தாய்: இடது பக்கத்து உலோக அணு, அதைச் சுற்றியிருப்பவை, மிச்சமாய் நின்ற அந்த ஓர் இலத்திரன். அந்தப் பாதியை முடித்துச் சேமித்தாய். அடுத்த நாள் மற்றப் பாதியைக் கொண்டுவந்து அதோடு பொருத்தினாய். எவ்வளவு கெட்டித்தனம் என்று நான் உன் முதுகில் தட்டினேன்.

பிழை அங்கேதான் இருந்தது, யோகா. அன்று இடது பக்கத்தில் வைத்த இலத்திரன் பிறகு அசையவே இல்லை. நாம் ஒவ்வொரு முறையும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினோம். அதுவும் விட்ட இடத்திலேயே இருந்துகொண்டது.

வயல் செய்கிறவர்களுக்கு இது இலேசில் விளங்கும். ஒரு வட்டை வெளிக்குள் பக்கத்துப் பக்கத்து வயல், நடுவில் வரம்பு. இந்த வயலில் விட்ட தண்ணீர், அந்த வயல் இன்னும் பள்ளமாக இருந்தாலும் தானாக அங்கே போகாது. வரம்புக்கு இந்தப் பக்கமே தேங்கி நிற்கும். நாம் தேங்கி நின்ற தண்ணீரைப் பார்த்து, இதுதான் பள்ளம் என்று எழுதிவிட்டோம். வேறு பக்கத்தால் ஒருதரம் தண்ணீரை விட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அப்படிப் பார்க்க அடியிலிருந்து தொடங்க வேண்டும். அடியிலிருந்து தொடங்க, நிற்காத கரண்ட் வேண்டும்.

நாள் போகப் போக உன் முகம் வாடியது எனக்கு நினைவிருக்கிறது. ஒவ்வொரு முறையும் திரையில் அந்த இலத்திரன் இடது பக்கத்திலேயே நின்றது. ஒருநாள் கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, “கிணத்துக் கதைய விடுங்க மச்சாள். இது இடப்பக்கத்துக்காரன்ட தனிச் சொத்து” என்றாய். அதோடு கட்டுரை எழுத உட்கார்ந்துவிட்டாய். இரண்டு உலோகங்களுக்கும் நடுவில் பிணைப்பு இல்லை என்று, ஆசைப்பட்டதை விட்டுவிட்டுக் கண்டதை எழுதினாய். உன் பெயர் முதலில், என் பெயர் இரண்டாவதாக. கொழும்புக்குப் போன ஒருவர் கையில் கொடுத்து வெளிநாட்டுச் சஞ்சிகைக்கு அனுப்பினோம்.

ஏற்றுக்கொண்டோம் என்ற கடிதம் வந்தபோது நீ உன் ஊர் உன்னிச்சைக்குப் போகப் பையைக் கட்டிக்கொண்டிருந்தாய். அக்காவுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. கடிதத்தை வாசித்துவிட்டு என் பிள்ளைகளைத் தூக்கிச் சுற்றினாய். பிறகு வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னாய்:

“கரண்ட் ஒழுங்கா வாற காலம் வந்தா அடியில இருந்து ஒருக்காச் செய்து பாப்பம் மச்சாள். எனக்கு மனசு ஆறல்ல.”

“முதல் போய்ப் புள்ளயப் பாத்திட்டு வா” என்றேன். அதுதான் நான் உன்னோடு கதைத்த கடைசிக் கதை.

உனக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டபோது இங்கே யாரும் பெரிதாக எடுக்கவில்லை. எல்லாருக்கும் காய்ச்சல் வந்த மாதம் அது. வாவிக்கு அந்தப் பக்கம், உன் ஊர்ப் பக்கம், சண்டை தொடங்கியது. பாலத்தைப் பூட்டிவிட்டார்கள். உழவு இயந்திரப் பெட்டியில் பாயை விரித்து உன்னைப் பாலத்தடி வரைக்கும் கொண்டுவந்தார்களாம். ஆஸ்பத்திரி அங்கிருந்து கண்ணுக்கெட்டுகிற தூரம். மறுபடி வீட்டுக்குக் கொண்டுபோனார்களாம். அடுத்த நாளும் கொண்டுவந்தார்களாம். இதெல்லாம் எனக்குத் தெரியவந்தபோது நீ கண்ணை மூடி, உன்னை எடுத்து ஒரு கிழமை போயிருந்தது. வாவிக்கு இந்தப் பக்கம் நான் வினாத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

கட்டுரை அச்சாகி வந்தபோது நீ இல்லை. மாமி அதன் முதல் பக்கத்தை வாங்கிப்போய்ச் சட்டம் போட்டு உன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். ஆங்கிலம் தெரியாது. ஆனால் உன் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியும். விளக்கு வைக்கும்போது அந்த இடத்தில் விரலை வைத்துவிட்டுத்தான் போவார். உன் படத்தைத் தவிர, அந்த வீட்டில் உன்னுடையதென்று சண்டைக்கும் நெருப்புக்கும் தப்பியது அது ஒன்றுதான்.

இனி இங்கே நடக்கிற புதினத்தைச் சொல்கிறேன். சண்டை ஓய்ந்திருக்கிறது. எத்தனை நாளைக்கு என்று யாருக்கும் தெரியாது. பேச்சுவார்த்தை என்கிறார்கள். பாலம் காலையிலிருந்து பொழுதுபடும் வரை திறந்திருக்கிறது. கிரான் பக்கத்து நெல் லொறி லொறியாக டவுனுக்கு வருகிறது. கரண்ட் வந்தால் வந்ததுதான், போவதில்லை. பல்ப் மங்குவதில்லை. முதல் ஒன்றிரண்டு கிழமை நான் பழக்கத்தில் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அழுதேன்.

வளாகத்துக்குப் புதுக் கணினி ஒன்றும் வந்தது. மாணவர்களுக்குக் காட்ட நம்முடைய கணக்கையே அதில் போடலாம் என்று நினைத்தேன். நீ சேமித்து வைத்ததெல்லாம் பழைய கணினியில் உன் பெயரில் ஒரு கோப்புப் பெட்டிக்குள் கிடந்தது. அதைத் திறக்க மனம் வரவில்லை. திறந்தால் நீ எழும்பி ஓடி ஓடிச் சேமித்த நாளெல்லாம் வரிசையாக நிற்கும். வேண்டாம் என்று விட்டுவிட்டு எல்லாவற்றையும் புதிதாகத் தட்டித் தொடங்கினேன். அடியிலிருந்து, முழு மூலக்கூறோடு. ஆராய்ச்சி செய்யும் எண்ணம் எனக்குச் சத்தியமாக இல்லை. உன் பெட்டியைத் திறக்கப் பயந்ததுதான் காரணம்.

கணக்கு முடிந்தது. இலத்திரன் நடுவில் நின்றது.

இரண்டு அணுவுக்கும் நடுவில், இரண்டுக்கும் பொதுவாக. சக்தியும் நாம் கண்டதைவிடக் குறைவு. அதாவது அதுதான் உண்மையான பள்ளம். நான் எங்கேயோ பிழை விட்டிருக்கிறேன் என்று நினைத்தேன். திரும்பச் செய்தேன். வேறு விதமாகச் செய்தேன். இடது பக்கத்தில் வைத்துத் தொடங்கினேன்; நீ எழுதியது அப்படியே வந்தது. வலது பக்கத்தில் வைத்தேன். அதுவும் அங்கேயே நின்றது. எந்தப் பக்கமும் வைக்காமல் விட்டால் மட்டும் நடுவுக்குப் போய்ச் சேர்ந்தது. கடைசியில் களுதாவளைப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்தேன். தன் கணக்குப் பிழையாக இருக்க வேண்டும் என்று தேங்காய் நேர்ந்த இரசாயனக்காரி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பிள்ளையார் என் பக்கம் நிற்கவில்லை.

எனக்கு அன்று சந்தோஷம் வரவில்லை, யோகா. களவெடுத்தவள் மாதிரி இருந்தது. உன்னைவிட எனக்கு மூளை கூட என்றா இதைக் கண்டேன்? நீ கண்ணால் காணாத கரண்ட் எனக்குக் கிடைத்தது, அவ்வளவுதான். உனக்கு மறுத்த ஒன்றை வைத்துக்கொண்டு உன்னையே பிழை பிடித்துவிட்டேன். பதில் சொல்ல நீ இல்லாத நேரம் பார்த்து. சஞ்சிகைக்கு எழுத வேண்டிய திருத்தத்தை எழுதி உறையில் போட்டு ஒட்டினேன். அஞ்சலில் சேர்க்கக் கை வரவில்லை. மாமி சட்டம் போட்டு மாட்டியிருக்கும் ஒரே காகிதத்தை அவருக்குத் தெரியாமல் நான் எப்படி இல்லையென்று ஆக்குவது?

ஆகவே உன்னிச்சைக்குப் போனேன். பாலத்தில் யாரும் மறிக்கவில்லை. பஸ் நேரே ஓடியது. அதற்காகவும் எனக்கு வெட்கமாக இருந்தது.

மாமி அடுப்படியில் தயிர் முட்டிகளுக்கு வாய் கட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. “எழுதிக் கொண்டு வந்திட்டியா, புள்ள?” என்றார்.

“இல்ல மாமி. அந்தக் கணக்கில ஒரு பிழை இரிக்கு.”

“ஆர் விட்ட பிழை?”

“ரெண்டு பேரும்தான்.”

“ரெண்டு பேருமா? அதில முன்னுக்குக் கிடக்கிறது என்ட புள்ளட பேர். ஊர் ஆரப் பிழை எண்டு சொல்லும்?” கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தார். “அவள் உயிரோட இரிக்கக்குள்ள தெரியாத பிழை, அவள் செத்த மறுகா உனக்குத் தெரிஞ்சிட்டுதா?”

நான் என்னை எத்தனை தரம் கேட்டேனோ அதே கேள்வி. கணக்கை விளங்கப்படுத்தலாம் என்று வாயைத் திறந்தேன். மாமி கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

“அந்தப் படத்த நான் கழட்ட மாட்டன். கழட்டச் சொல்லித்தான் வந்தாயா?”

“இல்ல மாமி.”

“அப்ப சரி. கல்வெட்டில அந்தப் பக்கம் வேணாம். நீ ஒண்டும் எழுத வேணாம்.”

கோபம் கோபமாகவே இருக்க, ஒரு தயிர் முட்டியைக் கட்டி என் கையில் தந்தார். உன் அம்மா அப்படித்தானே! தான் திட்டியவளையும் வெறுங்கையோடு அனுப்ப மாட்டார். பஸ்ஸில் அந்த முட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். நீ வரும்போதெல்லாம் அப்படித்தான் வருவாய். வீட்டில் ஒருவருக்கும் அந்தத் தயிர் இறங்கவில்லை.

அடுத்து நடந்ததை நீ நம்ப மாட்டாய். போன கிழமை நானாவின் கடைப் பெடியன் வளாகத்துக்கு வந்து, உங்கட மாமி கடையில இரிக்கிறா, உடனே வரட்டாம் என்றான். மாமி! சந்தைக்குக் கூடத் துணையில்லாமல் வராதவர், விடியற்காலை பஸ்ஸில் தனியே டவுனுக்கு வந்திருக்கிறார். நான் ஓடிப்போனேன். நானா தன் கதிரையை அவருக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். முன்னால் வைத்த, பால் போடாத பிளேன்ரீ ஆறிப்போயிருந்தது.

“நீ அண்டைக்கு என்னமோ சொல்ல வந்தாய். நான் விடல்ல” என்றார் மாமி. “அதுக்குப் பொறகு நித்திரையில்ல. சொல்லு.”

அச்சு இயந்திரச் சத்தத்துக்குள் நின்றுகொண்டு சொன்னேன். பாதி மூலக்கூறை, பல்பை, விட்ட இடத்தை, வரம்பை. மாமி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கடைசியில் கிணற்றைச் சொன்னேன். அதை நான் அன்று முதலாவதாகச் சொல்லியிருக்க வேண்டும்.

“எங்கட கிணத்தையா சொன்னவள்?”

“ஓம் மாமி. முதல் நாளே. ரெண்டு பேருக்கும் பொதுவா நடுவிலதான் இரிக்கும் எண்டு.”

“இப்ப நீ கண்டது?”

“அதேதான். நடுவில.”

“அப்ப மறுகா ஏன் மாத்தி எழுதினவள்?”

“கொம்பியூட்டர் வேற விதமாக் காட்டினது, மாமி. அவள் தன்ட ஆசைய எழுதல்ல. கண்டதத்தான் எழுதினவள்.”

மாமி முந்தானையை எடுத்துக் கையில் சுற்றினார். “உனக்கு மட்டும் இப்ப எப்பிடிச் சரியாக் காட்டுது?”

“இப்ப கரண்ட் போறதில்ல. அடியில இருந்து முழுசாச் செய்ய ஏலுது.”

நானா இயந்திரத்தை நிறுத்திவிட்டார். மாமி என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

“அப்ப, அந்த நேரம் கரண்ட் இருந்திருந்தா அவளே கண்டுபிடிச்சிருப்பாளா?”

“ஓம் மாமி. அடியில இருந்து செய்து பாக்க வேணும், மனசு ஆறல்ல எண்டுதான் சொல்லிட்டு வந்தவள். என்னை விடக் கெதியாக் கண்டிருப்பாள்.”

“அப்ப அத எழுது” என்றார் மாமி.

அவ்வளவுதான். மற்றக் கேள்வியை அவர் கேட்கவில்லை. பாலம் திறந்திருந்தால் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் நான் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன். அவருக்கும் அது தெரியும். நானாவுக்கும் தெரியும், அவர் அந்தப் பக்கம் திரும்பிக் காகிதத்தை அடுக்குகிற மாதிரிக் கண்ணைத் துடைத்தார். மாமி ஆறிப்போன பிளேன்ரீயை ஒரே இழுப்பில் குடித்துவிட்டுப் பஸ்ஸுக்கு எழும்பினார்.

ஆகவே எழுதிவிட்டேன், யோகா. நானா கேட்ட அந்த ஒரு பக்கம் இதுதான். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. அடங்காவிட்டால் புலம்பல் பாட்டில் இரண்டை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். உனக்கும் அது சரியென்றுதான் படும், அந்தப் பாட்டுகளைக் கேட்டு நீ சிரித்த சிரிப்பு எனக்குத் தெரியாதா? அச்சுக்குப் போகும் முன் உன்னிச்சைக்குப் போய் மாமிக்கு முழுவதையும் வாசித்துக் காட்டுவேன். வேண்டாம் என்று அவர் சொல்கிற வரியை அந்த இடத்திலேயே வெட்டிவிடுவேன்.

இத்தனைக்குப் பிறகும் என் நெஞ்சு இலேசாகவில்லை. நீ முதல் நாள் சொன்னது சரி என்று சொல்லி உன் கையில் ஏதோ திருப்பித் தந்துவிட்டதாக நினைத்துக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. என்னத்தைத் தந்தேன்? நீ தொட்டுப் பார்க்க முடியாத ஒன்றை. கரண்ட் இருக்கிறது. பாலம் திறந்திருக்கிறது. கணக்கும் சரி. இதெல்லாம் வந்து சேர்ந்தபோது முன்னறைக் கதிரையில் நீ இல்லை. அந்தக் கதிரையில் இன்றைக்கும் நான் இருப்பதில்லை, தெரியுமா?

இனி உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. அந்த உறையைப் பிரித்துத் திருத்தத்தைத் திரும்ப எழுதியிருக்கிறேன். இந்த முறையும் உன் பெயர் முதலில், என் பெயர் பின்னால். பிழைக்கு நீ முதல் ஆளாக நின்றாயே, சரிக்கும் நீதான் முதல் ஆள். நாளைக் காலையில் அஞ்சலில் சேர்க்கிறேன். அது அச்சாகி வந்ததும் நானே சட்டம் போட்டுக் கொண்டுபோய், பழையதைக் கழற்றாமல், அதற்குப் பக்கத்தில் மாட்டுவேன். மாமிக்கு உன் பெயர் இருக்கும் இடத்தை விரல் பிடித்துக் காட்டுவேன். திவசத்தன்று உன் கிணற்றில், உன் பக்கத்து வாளியால் தண்ணீர் அள்ளி நானே பானை நிரப்புவேன். அக்கா அந்தப் பக்கத்திலிருந்து அள்ளுவார். பிறகு இங்கே வந்து உன் பெயரில் கிடக்கிற அந்தப் பெட்டியைத் திறப்பேன். பயமாகத்தான் இருக்கிறது. என்றாலும் திறப்பேன்.

உன் பெயருக்குப் பின்னால் என்றும் நிற்கிற
உன் மச்சாள்,
சுபத்திரா